உளி வாங்கும்போது எதைப் பார்ப்பது, வாங்கியபின் எங்கே நேரம் செலவழிப்பது?

சீவல்சுருள்:

வணக்கம். இத்தனை நாளாக ரம்பம், இழைப்புளி, துளைப்பான் வைத்தே சமாளித்தேன், இணைப்பெல்லாம் திருகாணிதான். இப்போது கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு கட்டையின் நாக்கை இன்னொன்றின் துளைக்குள் செருகி, ஒரு மேசை செய்ய வேண்டும், அப்புறம் அதன் இழுப்பறைக்குப் புறா வால்போல விரிந்த பற்களைக் கோக்கும் புறாவால் இணைப்பு. உளி இல்லாமல் இது எதுவும் நடக்காது என்று தெரிந்துவிட்டது.

விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆறு உளி பெட்டி, பன்னிரண்டு உளி பெட்டி, ஓ1, ஏ2, குரோம் வனேடியம், ஜப்பானிய வெள்ளை எஃகு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். என்னிடம் இப்போது இருப்பது புதிதாக வாங்கிய ஒரே ஒரு 12 மி.மீ. உளி. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வேலையில் வைத்தேன். மென்மரத்தின் வெட்டுமுகத்தில் (நாரைக் குறுக்கே அறுத்த முகத்தில்) மரம் வெட்டுப்படாமல் நசுங்குகிறது, கெட்டி மரத்தில் கொஞ்ச நேரத்திலேயே வாய், அதாவது வெட்டும் நுனி, போய்விடுகிறது. உளியே மோசமா, இல்லை நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா? எத்தனை உளி வாங்க வேண்டும், எந்த எஃகு, எந்தக் கோணம், தீட்டக் கல்லா தாளா என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாப்புளி:

முதலில், பெட்டியாக வாங்காதீர்கள். பன்னிரண்டு உளி உள்ள பெட்டியில் திரும்பத் திரும்பக் கைக்கு வருவது மூன்றோ நான்கோதான். 6, 12, 18 அல்லது 20 மி.மீ. இந்த மூன்று இருந்தால் நீங்கள் சொன்ன மேசையும் இழுப்பறையும் முடிந்துவிடும். கீல் பதிக்கவும் கழுந்தின் தோளை (நாக்கின் அடியில் உள்ள படியை) சீவவும் 25 மி.மீ. பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தயார்செய்யாத பன்னிரண்டு உளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மூன்றை ஒழுங்காகத் தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகையைப் பொறுத்தவரை, இரண்டு பக்கமும் சரித்துச் சீவிய உளிதான் முதலில் வேண்டும். புறாவால் இணைப்பின் மூலைக்குள் நுழைவது அதுதான். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சரித்திருக்கிறது என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, வாயில் சாய்வு இல்லாத தட்டைப் பக்கத்தை ஒட்டி இரண்டு ஓரத்திலும் 2, 3 மி.மீ. உயரத்துக்குச் செங்குத்துச் சுவர் விட்டிருப்பார்கள். அந்தச் சுவர் புறாவாலின் சாய்வில் இடித்து அதை நசுக்கும். நல்ல உளியில் அந்த ஓரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். சதுர ஓரம் உள்ள பட்டை உளி அடித்து வெட்டும் வேலைக்கு நல்ல வலு, ஆனால் இந்த மூலைக்குள் போகாது. துளை உளி தடிமனானது, அகலத்தைவிடத் தடிமன் அதிகம், ஆழமாக அடித்து நெம்புவதற்கென்றே செய்தது. கையால் மட்டும் தள்ளிச் சீவும் நீள உளிக்கு இப்போது அவசரம் இல்லை.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் முதலில் தட்டைப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். மூலைமட்டத்தின் இரும்பு நாக்கை அதன் மேல் நிறுத்தி, நீளவாக்கிலும் குறுக்கிலும் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். நடுவில் கசிந்தால் அது குழிவு, நல்லதுதான், ஓரம் மட்டும் கல்லில் படும், சீக்கிரம் சமன் ஆகும். இரண்டு முனையிலும் கசிந்தால் நடு புடைத்திருக்கிறது, கல்லில் வைத்தால் ஆடும், அதைச் சமன்செய்வதற்குள் கை ஓய்ந்துவிடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுங்கள். அடுத்து, கைப்பிடியும் இரும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். எஃகின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

வயிரமரம்:

புதிதுதான் வேண்டும் என்று ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? பழைய உளிகளில் அருமையான எஃகு கிடைக்கும், பல பழைய உளிகள் மென்னிரும்பின் மேல் கடினமான எஃகுப் பட்டையை ஒட்ட வைத்து அடித்தவை. சாய்வைத் தீட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும், கடினப் பகுதி ஒரு நிறம், மென்பகுதி வேறு நிறம். தீட்டுவதும் எளிது, ஏனென்றால் கல் தேய்க்கும் கடின எஃகு கொஞ்சம்தான்.

ஆனால் பழையதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் இரக்கமே காட்டாதீர்கள். தட்டைப் பக்கத்தில் வாயை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் துரு அரித்த குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். வாய் என்பது இரண்டு முகங்கள் சேரும் கோடு, அதில் ஒரு முகம் குழியாக இருந்தால் வாயிலும் அந்த இடத்தில் பல் விழும், தீட்டத் தீட்ட அடுத்த குழி வந்து நிற்கும். அதே குழி சாய்வின் பக்கமோ மேல்பக்கமோ இருந்தால் கவலையே இல்லை. அப்புறம் இரும்பு எவ்வளவு நீளம் மிச்சம் என்று பாருங்கள். பல உளிகளில் முன்பகுதிக்கு மட்டுமே பதம் (சூடாக்கித் தரும் கடினம்) ஏற்றியிருப்பார்கள், அது தேய்ந்துபோனபின் கிடைப்பது வெறும் மென்மையான இரும்புதான். சந்தேகம் இருந்தால் வாயருகே சாய்வின் மேல் ஒரு நல்ல அரத்தை மெல்ல ஓட்டுங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. கடித்து இழுத்தால் இல்லை.

மேல்துருவுக்கு வினிகரில் ஒரு இரவு போட்டு வைத்து, எடுத்துத் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் போதும். நாள் கணக்கில் ஊற விடாதீர்கள், அமிலம் நல்ல எஃகையும் அரித்துவிடும்.

பதம்பார்ப்பவன்:

எஃகைக் கடைசியில் பார்க்கலாம் என்று கொட்டாப்புளி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் என்னவென்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஓ1 என்பது எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றும் எஃகு, கார்பன் ஏறத்தாழ 0.9 சதவீதம். நுண்ணிய கட்டமைப்பு, எந்தக் கல்லிலும் சீக்கிரம் கூராகும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். ஏ2 காற்றிலேயே கடினமாவது, கார்பன் 1 சதவீதம், குரோமியம் 5 சதவீதம் அளவில். அந்தக் குரோமியம் கார்பனோடு சேர்ந்து பெரிய, மிகக் கடினமான துகள்களாக எஃகுக்குள் உட்கார்ந்திருக்கும். தேய்மானத்தை அது நன்றாகத் தாங்கும், ஆனால் வாயை மிக மெல்லியதாகத் தீட்டினால் அந்தத் துகள்கள் பெயர்ந்து விழும், அதனால் ஏ2 உளிக்கு 30 பாகைக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. சாதாரண உளிகளில் வரும் குரோம் வனேடியமும் குரோம் மாங்கனீசும் நடுத்தரம், கொஞ்சம் மென்மை, ஆனால் அடி தாங்கும். மேற்கத்திய பாணி உளிகள் ராக்வெல் என்ற கடின அளவில் பெரும்பாலும் 58 முதல் 62 வரை இருக்கும். ஜப்பானிய உளிகள் 62க்கும் மேலே, 64, 65 கூட. அவை மென்னிரும்போடு ஒட்டியிருப்பதால்தான் அந்தக் கடினத்தைத் தாங்குகின்றன, ஆனால் அவற்றை வைத்து நெம்பினால் வாய் உடையும். நீங்கள் துளை வெட்டி நெம்பப் போகிறவர், முதல் உளியாக அதை எடுக்க வேண்டாம்.

உங்கள் 12 மி.மீ. உளியைக் குப்பை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். புது உளியின் வாய் பல நேரம் அந்த உளியிலேயே மோசமான பகுதி. பதமேற்றும்போது மெல்லிய நுனிதான் முதலில் அதிகமாகச் சூடாகிறது, பிறகு ஆலையில் சக்கரத்தில் தேய்க்கும்போதும் அதுதான் சூடாகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தேய்த்துத் தள்ளியபின் அதே உளி வேறு உளிபோல நடந்துகொள்ளும். தீட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சீவல்சுருள்:

அனைவருக்கும் நன்றி. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், வாயருகே தட்டைப் பக்கம் உருண்டு கீழே இறங்குகிறது, பளபளப்பாக இருக்கிறது ஆனால் சமமாக இல்லை. இதைச் சமன்செய்தே ஆக வேண்டுமா? சாய்வை மட்டும் நன்றாகத் தீட்டினால் போதாதா?

கொட்டாப்புளி:

செய்தே ஆக வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் கழுந்தின் முகத்தைச் சீவும்போது தட்டைப் பக்கம் ஏற்கனவே வெட்டிய சமதளத்தின் மேல் படுத்துக்கொண்டு போகிறது. அதாவது அந்த முகம்தான் வாய்க்கு வழிகாட்டி. அது வாயருகே உருண்டிருந்தால், உளியைப் படுக்க வைக்கும்போது வாய் மரத்தைத் தொடவே தொடாது, காற்றில் நிற்கும். தொட வைக்கக் கைப்பிடியைத் தூக்குவீர்கள், தூக்கியதும் அது உள்ளே பாயும். சமமாகச் சீவவே வராது, கையில் பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆலையில் மென்மையான பஃப் சக்கரத்தில் மெருகேற்றுவதால்தான் இப்படி உருள்கிறது, பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

புது உளி என்றால் முதலில் தின்னரில் நனைத்த துணியால் அதன் மேல் பூசியிருக்கும் அரக்கைத் துடையுங்கள், இல்லையென்றால் கல்லை அடைத்துவிடும். பிறகு தட்டைப் பக்கம் முழுவதும் மார்க்கரால் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் 220 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, உளியின் முன் 25 மி.மீ. மட்டும் தாளில் படுமாறு குறுக்காக வைத்து, விரலால் வாய்க்குப் பக்கத்தில் அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். மார்க்கர் எங்கே அழிகிறதோ அங்கேதான் தொடுகிறது. வாய்க்கோடு வரை, மூலைக்கு மூலை அழியும் வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். இந்த முதல் தாளில்தான் நேரம் போகும், பொறுமையாக இருங்கள். இது முடிந்தால் 400, 800, 1000 எல்லாம் சில நிமிட வேலைதான், ஒவ்வொன்றிலும் முந்தைய தாளின் கீறல் மறைய வேண்டும், அவ்வளவே. கைப்பிடியைக் கொஞ்சமும் தூக்காதீர்கள், ஒரு முறை தூக்கினால் வாய் மறுபடி உருண்டுவிடும், செய்த வேலை அத்தனையும் வீண்.

இழைப்புளி இரும்புக்குச் செய்வதுபோல மெல்லிய எஃகு அளவுகோலைக் கல்லின் ஓரத்தில் வைத்து, பின்பக்கத்தை ஒரு துளி தூக்கித் தீட்டும் குறுக்கு வழியை உளிக்குச் செய்யாதீர்கள். இழைப்புளியில் அந்த முகம் எதன் மேலும் படுத்துப் போவதில்லை, அங்கே அது சரி. உளியில் அந்த வழிகாட்டியையே அழித்துவிடுகிறீர்கள்.

வயிரமரம்:

சமன் செய்ய வேண்டும், சரி. ஆனால் கண்ணாடிபோல முகம் தெரிய வேண்டும் என்று உளியின் கைப்பிடி வரை தேய்க்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லை. வாயை ஒட்டிய சில மில்லிமீட்டரில் கீறல் இல்லாமல் மெருகு இருந்தால் போதும், அதற்கு மேலே சமமாக இருந்தால் போதும், பளபளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வாட்டர் பேப்பரின் எண்ணையும் தண்ணீர்க்கல்லின் எண்ணையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். பி2000 தாளின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான், அது 1000, 1200 எண் தண்ணீர்க்கல்லுக்குப் பக்கத்தில்தான் வரும். 2000 தாளில் முடித்துவிட்டேன், இன்னும் கூரில்லை என்று பலர் எழுதுவதற்குக் காரணம் இதுதான். தாளில் போகிறவர் கடைசியில் ஒரு நல்ல நுண்கல்லிலோ, மெருகேற்றும் பச்சைப் பேஸ்ட் தடவிய தோல்வாரிலோ முடிக்க வேண்டும்.

தண்ணீர்க்கல் வாங்கினால் அதையும் அடிக்கடி சமன்செய்ய வேண்டும், குழிந்த கல்லில் தேய்த்தால் உளியின் தட்டைப் பக்கம் புடைக்கும். எனக்கு வைரத்துகள் ஒட்டிய தகடுதான் பிடித்தது, குழியாது.

மெதுவேலை:

கோணத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. கோணமானி இல்லாமலே அளக்கலாம். உளியின் தடிமனை வாய்ச் சாய்வு தொடங்கும் இடத்தில் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சாய்வின் நீளம் தடிமனைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. 4 மி.மீ. தடிமனுக்கு 8 மி.மீ. நீளம் 30 பாகை, ஒன்பதரை 25 பாகை, கிட்டத்தட்ட 12 என்றால் 20 பாகை, 7 என்றால் 35. இதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த உளியையும் எடுத்தவுடன் சொல்லிவிடலாம்.

தீட்டும்போது கோணம் மாறாமல் உளியைப் பக்கவாட்டில் கவ்வும் ஹோனிங் கைடு இருக்கிறதே, ஒற்றைச் சக்கரம் உள்ள பழைய வடிவம், அதில் உளி 40 மி.மீ. வெளியே நீட்டியிருந்தால் 25 பாகை, 30 மி.மீ. நீட்டியிருந்தால் 30 பாகை. ஒரு பலகைத் துண்டில் இந்த இரண்டு தூரத்துக்கும் சிறு கட்டையை ஆணியடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை, கட்டையில் முட்டும் வரை தள்ளி இறுக்கினால் முடிந்தது.

25 பாகையில் சாய்வு முழுவதையும் தேய்த்து, பிறகு 30 பாகையில் வாயருகே ஒரு மெல்லிய கோடு மட்டும் விழுமாறு இரண்டாம் சாய்வு போடுங்கள். அடுத்தமுறை அந்த மெல்லிய கோட்டை மட்டும் தீட்டினால் போதும், அதனால்தான் சீக்கிரம் முடிகிறது. எப்போது நிறுத்துவது? தட்டைப் பக்கத்தில் விரலை வாயை நோக்கி வெளிப்புறமாக இழுத்துப் பாருங்கள், வாயின் முழு அகலத்துக்கும் பிசிர், அதாவது தேய்த்த எஃகு மறுபக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய இழை, தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பிசிர் இல்லையென்றால் அந்த மூலை இன்னும் மழுங்கல்தான், மேலே தொடருங்கள். பிசிர் வராமல் நுண்கல்லுக்குப் போவது வீண் வேலை. நுண்கல்லில் முடித்தபின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்து நாலைந்து தேய்ப்பு, மறுபடி சாய்வில் இரண்டு, மறுபடி தட்டையில், பிசிர் தானாக விழுந்துவிடும். கையால் ஒடிக்காதீர்கள், ஒடித்த இடம் கரடாக நிற்கும்.

சீவல்சுருள்:

செய்துவிட்டேன். தட்டைப் பக்கம் வாய் வரை சமம், 25 சாய்வு, 30 இரண்டாம் சாய்வு, கடைசியில் தோல்வார். மென்மரத்தின் வெட்டுமுகத்தில் வைத்துத் தள்ளினால் மெழுகைச் சீவியதுபோல மினுக்குகிறது, முன்பு இருந்த வெள்ளை நசுங்கல் எதுவுமே இல்லை. இதே உளிதான் என்று நம்ப முடியவில்லை.

ஆனால் கெட்டி மரத்தில் துளை அடித்தபோது வாய் மறுபடியும் போய்விட்டது. எஃகு மோசம் என்றுதான் தோன்றுகிறது. ஏ2 வாங்கிவிடலாமா?

பதம்பார்ப்பவன்:

வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். "வாய் போய்விட்டது" என்பது மட்டும் தெரிந்தால் எதுவும் சொல்ல முடியாது. எப்படிப் போனது என்பதைப் பாருங்கள். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், எந்த எஃகு, எந்தக் கோணம் என்பதை வாய் உடைந்த விதமே சொல்லிவிடும், பெட்டியில் அச்சடித்த பெயர் சொல்லாது.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து விளக்குக்கு நேராக வாயைப் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கருப்பாகத் தெரியும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். இப்போது அந்த வெள்ளையின் உருவத்தைப் பாருங்கள்.

அரைவட்டமாக, பிறை பிறையாகத் துண்டு விழுந்திருந்தால் எஃகு நொறுங்குகிறது. காரணம் கோணம் அந்த வேலைக்கு மெல்லியதாக இருப்பது, அல்லது இன்னும் ஆலையின் கெட்டுப்போன நுனி போகவில்லை, அல்லது நெம்பும்போது பக்கவாட்டில் திருகினீர்கள். மருந்து: பிறையின் ஆழம் முழுவதும் போகும் வரை தேய்த்துவிட்டு, இரண்டாம் சாய்வை இரண்டு பாகை ஏற்றுங்கள். மறுபடி நொறுங்கினால் இன்னும் இரண்டு. 35ஐத் தாண்டியும் நொறுங்கிக்கொண்டே இருந்தால் அப்போது எஃகைக் குறை சொல்லலாம்.

துண்டு விழாமல், வாய் ஒரு பக்கமாக மடிந்து, விரலால் தடவினால் புதிதாகப் பிசிர் வந்ததுபோல இருந்தால் எஃகு மென்மை, மடிகிறது. அதற்கும் முதல் மருந்து கோணத்தை ஏற்றுவதுதான். ஆனால் அதற்குமுன் தீட்டியபின் பிசிரை முழுதாக எடுத்தீர்களா என்று பாருங்கள், எடுக்காமல் விட்ட பிசிர்தான் முதல் அடியிலேயே மடிந்து வாயையும் இழுத்துக்கொண்டு போகும், பழி எஃகின் மேல் விழும். எல்லாம் சரியாகச் செய்தும் 34, 35 பாகையிலும் மடிந்தால் அந்த உளிக்குப் பதம் போதவில்லை.

மடிப்பும் இல்லை, பிறையும் இல்லை, வாய் முழுவதும் சீராக உருண்டு வெள்ளையாக இருக்கிறது என்றால் அது வெறும் தேய்மானம். அந்த ஒரு நிலையில்தான் ஏ2 மாதிரி எஃகு உங்களுக்கு லாபம். நொறுங்கும் வாய்க்கு ஏ2 வாங்கினால் அது இன்னும் நன்றாக நொறுங்கும்.

வயிரமரம்:

இதை வழிமொழிகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே உளியில் சீவவும் வேண்டும், கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) அடிக்கவும் வேண்டும் என்றால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். 25 பாகையில் வெட்டுமுகம் அழகாகச் சீவும், கெட்டி மரத்தில் அடித்தால் நிற்காது. 35இல் எவ்வளவு அடித்தாலும் நிற்கும், சீவும்போது தள்ளக் கனமாக இருக்கும். அதனால்தான் நான் ஒரே அளவில் இரண்டு உளி வைத்திருக்கிறேன், ஒன்று அடிக்க, ஒன்று தள்ள. தள்ளும் உளியைக் கொட்டாப்புளி பக்கமே விடுவதில்லை.

கிரைண்டர்காரன்:

பிறை ஆழமாக இருந்தால் தாளில் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது, பெஞ்ச் கிரைண்டர்தான். சீக்கிரம் முடியும், சக்கரத்தின் வளைவால் சாய்வில் லேசான குழிவும் வரும், அந்தக் குழிவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கல்லில் படியும்போது உளி ஆடாமல் உட்காரும், கைடு இல்லாமலே தீட்டப் பழகலாம்.

பதம்பார்ப்பவன்:

கிரைண்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் சூட்டை மறக்கக் கூடாது. சாதாரண கார்பன் எஃகு 220 பாகை செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது. நிறத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் ஏமாற்றுதான், உள்ளே மென்மை அப்படியே இருக்கும், அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும். உளியை வெறுங்கையால் பிடித்து, விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விரல் பொறுக்கவில்லை என்றால் தண்ணீர். கரடான, புதுப்பித்த சக்கரம், லேசான அழுத்தம். வாய்க்கோடு வரை கிரைண்டரில் போகாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டுவிட்டு மீதியைக் கல்லில் முடியுங்கள், நுனி மெல்லியதாக ஆக ஆகத்தான் கண் இமைப்பதற்குள் நீலமாகும்.

மெதுவேலை:

சின்னச் சின்ன வேலைகள் சில விட்டுப்போயிருக்கின்றன. உளியின் இரண்டு நீள விளிம்புகளும் புதிதில் கத்திபோல இருக்கும், சீவும்போது இடது கை விரல் அங்கேதான் படும். நுண்தாளை மடித்து அந்த விளிம்புகளை ஒரு முறை மட்டும் தடவிவிடுங்கள். வாயை ஒட்டிய பத்து மில்லிமீட்டரைத் தொடாதீர்கள், அங்கே மூலை கூராக இருந்தால்தான் இணைப்பின் மூலை சுத்தமாக வரும்.

மரக் கைப்பிடியில் மினுக்கும் வார்னிஷ் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், பிடி வழுக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், அது தானாகத் தீப்பற்றும். குழிக்குள் செருகிய கைப்பிடி வறண்ட காலத்தில் சுருங்கிக் கழன்றுவிடும், தலைகீழாகப் பிடித்து கைப்பிடியின் முனையைப் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். தலையில் பூண் (இரும்பு வளையம்) இல்லாத மரக் கைப்பிடியை இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

சீவல்சுருள்:

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிறைதான், வரிசையாக. அத்தனையும் போகும் வரை தேய்த்து, இரண்டாம் சாய்வை 33க்கு ஏற்றினேன். அதே மரத்தில் அதே துளையை முடித்தபின் பார்த்தால் ஓரத்தில் ஒரே ஒரு சின்னப் பிறை, மீதி கருப்பாகவே இருக்கிறது. ஏ2 யோசனையை விட்டுவிட்டேன். 6 மி.மீ. உளியும் 20 மி.மீ. உளியும் இதே வகையில் வாங்கப் போகிறேன், 20ஐச் சீவுவதற்கு மட்டும் 25 பாகையில் வைத்துக்கொள்வேன்.

இன்னும் ஒன்று மட்டும். புறாவால் இணைப்பு பழகும்போது கத்தியால் கீறிய கோட்டில் சரியாக உளியை வைத்துத்தான் அடிக்கிறேன், ஆனாலும் எடுத்துப் பார்த்தால் வெட்டு கோட்டைத் தாண்டிப் பின்னால் போயிருக்கிறது. உளி நேராகத்தான் நிற்கிறது.

கொட்டாப்புளி:

உளி நேராக நின்றாலும் நேராக இறங்காது. சாய்வு ஒரு பக்கம் மட்டும் இருப்பதால், அந்தச் சாய்வுக்கு முன்னால் உள்ள மரம் உளியைத் தட்டைப் பக்கம் நோக்கித் தள்ளும், ஆப்பு அடிக்கும்போது நடப்பதேதான். முதல் அடியிலேயே கோட்டில் வைத்தால் பின்னால் தள்ளப்பட்டுக் கோட்டைத் தாண்டும். அதனால் கழிவுப் பக்கத்தில் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி முதலில் வெட்டி, கழிவைச் சீவி எடுத்துவிடுங்கள். பாதி ஆழம் வரை இப்படியே, பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே மாதிரி. கடைசியில் மிஞ்சும் அந்த மெல்லிய ஒரு மில்லிமீட்டர் உளியைத் தள்ள வலுவில்லாதது. அப்போது வாயைக் கத்திக் கோட்டுக்குள் வைத்தால் தானாகப் போய் உட்காரும், கொட்டாப்புளி கூட வேண்டாம், கையால் அழுத்தியே எடுத்துவிடலாம். பலகையைக் கிளாம்பில் இறுக்கிவிட்டுச் செய்யுங்கள், இரண்டு கையும் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.